ஜன்னல் இடுக்கில் நுழையும் மலை

ஆடி பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலில் துணி காயப்போடவே யோசிக்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குக் காற்று, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலையின் உச்சியைச் சீவிக்கொண்டு ஊருக்குள் இறங்கும். கோலமாவைவிட நைஸான, சாம்பல் பூத்த மண் அது. காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். தண்ணீர்க் குடத்துக்கு மூடி, சோற்றுப் பானைக்குத் தட்டு, சுருட்டி வைத்த பாய்க்கு மேலே ஒரு பழைய சேலை. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டாலும் பல்லில் நறநறக்கும்.

சாத்திய ஜன்னல் வழியாக மண் எப்படி வருகிறது? காற்று வரும் வழியில்தான் வருகிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, இரண்டு கதவுகள் சேரும் இடத்தில், பட்டி உதிர்ந்த கண்ணாடி ஓரத்தில் என்று பழைய ஜன்னலைச் சுற்றி எங்கும் சின்னச் சின்ன வழிகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் நான்கடிக்கு மூன்றடி ஜன்னல் ஒன்றின் சுற்றளவு 14 அடி. அதில் மூன்று மில்லிமீட்டர் இடுக்கு முழுக்க ஓடினால், ஏறத்தாழ நான்கரை அங்குலச் சதுரத்துக்குச் சுவரில் ஓட்டை போட்டதற்குச் சமம். அப்படி ஓர் ஓட்டையை எந்த வீட்டிலாவது திறந்துவிட்டுத் தூங்குவார்களா?

இங்கிலாந்தில் இந்த இடுக்குகளை அடைப்பது குளிர்காலத்துக்கு முன் பல வீடுகளில் நடக்கும் வேலை. அங்கே கணக்கு கேஸ் பில்லில் தெரியும். தங்கவயலில் ஹீட்டர் ஓடும் வீடுகள் குறைவு. இங்கே கணக்கு மூச்சில் தெரிகிறது. வேலை என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதிகச் செலவு இல்லாத, ஒரு ஆசாரி இரண்டு நாளில் ஒரு வீட்டுக்கு முடித்துக்கொடுக்கக்கூடிய இந்த வேலையைப் பற்றி, தேவை அதிகமாக இருக்கும் ஊரிலேயே பேச்சு குறைவாக இருக்கிறது.

குட்டி இங்கிலாந்தின் குளிர்

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்ததில் இந்தக் குளிருக்கும் பங்கு உண்டு. அதிகாரிகளின் பங்களாக்களில் கணப்பும் புகைபோக்கியும் வைத்துக் கட்டினார்கள். உயரமான கூரை, அகலமான ஜன்னல், சுற்றித் தோட்டம்.

வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து பூமிக்குள் இறங்கியவர்களுக்கு லைன் வீடுகள். தொடக்கத்தில் மூங்கில் தட்டி அடித்த குடிசைகள். பிறகுதான் வரிசை வரிசையாகச் சுவர் எழும்பியது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், கோரமண்டல் என்று சுரங்கத்துக்குச் சுரங்கம் லைன்கள். பல வீடுகளில் ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே தகரம். கம்பி போட்ட சின்ன ஜன்னல், பலகைக் கதவு, கண்ணாடி கிடையாது. மூடினால் பகலிலேயே இருட்டு, திறந்தால் மண். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில்தான் தலைமுறை தலைமுறையாக இங்கே குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன.

இதே ஊருக்கு 1902லேயே மின்சாரம் வந்துவிட்டது. சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரத்தை ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த நீளம் அது. ஆனால் அது வீடுகளுக்காக அல்ல, சுரங்கத்துக்காக வந்த மின்சாரம்.

பூமிக்குக் கீழே காற்றை அளந்தவர்கள்

காற்று எப்படி நுழைகிறது, எப்படிக் கசிகிறது, எப்படி அடைப்பது என்பதெல்லாம் இந்த ஊருக்குத் தெரியாத கலையா என்றால், உலகத்தில் மிகச் சிலருக்கே தெரிந்த அளவுக்கு இந்த ஊருக்குத் தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கை வைக்க முடியாத பாறைக்கு நடுவே மனிதர்கள் ஷிஃப்ட் முழுக்கத் துளை போட்டார்கள். அவர்கள் உயிரோடு மேலே வர வேண்டுமானால் நல்ல காற்று கீழே போய்ச் சேர வேண்டும். 1930களில் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சுரங்கங்களே காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பின. அவற்றில் தங்கவயலும் ஒன்று.

ஆழச் சுரங்கத்தில் காற்று தானாக வேண்டிய இடத்துக்குப் போகாது. வேலை நடக்காத சுரங்கவழிகளைச் சுவர் வைத்து அடைப்பார்கள். ஆள் போகும் வழிகளில் ஒன்றையடுத்து ஒன்றாக இரட்டைக் கதவு போடுவார்கள். ஒன்று திறந்தால் மற்றது மூடியிருக்கும். தற்காலிகத் தடுப்புக்குத் தார் பூசிய கெட்டிக் கித்தான் திரை. ஒரு கதவில் விரல் அளவு இடுக்கு விட்டாலும் குளிர்ந்த காற்று குறுக்கு வழியில் திரும்பிப் போய்விடும். தூரத்தில் துளை போடுகிறவருக்குக் காற்று குறையும். ஆகவே இடுக்கு அடைப்பதற்கென்றே ஆட்கள், ஆய்வு, பதிவேடு எல்லாம் இருந்தன. கீழே கதவு இடுக்கில் காட்டிய அக்கறையில் நூற்றில் ஒரு பங்கை மேலே லைன் வீட்டு ஜன்னலில் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதையும் இந்த ஊர்தான் இந்தியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. கல்லைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயை நாட்டில் முறையாகப் பதிவு செய்த முதல் இடம் இது. 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு, அவர்களில் 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருப்பதாகக் கண்டது. அந்தக் காலத்து மைசூர் அரசு 1940லேயே சிலிகோசிஸ் விதிகளைக் கொண்டுவந்து நஷ்டஈட்டுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது.

சயனைடு மலை அதே கல்லின் மாவுதான். தோண்டியெடுத்த கல்லை ஆலையில் இடித்து, அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரிப்பார்கள். மிச்சம் சேறாக வெளியேறும், காய்ந்து மேடாகும். இங்கே 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடி டன் கல்லிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். டன்னுக்கு 16 கிராம் தங்கம் வெளியே போனது. மீதி ஊரிலேயே நின்றுவிட்டது. சயனைடு வெயிலில் சிதைந்துபோகும் தன்மையுடையது. ஆனால் அரைத்த கல் சிதையாது. ஊரார் சயனைடு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மண்ணைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போகும். ஜன்னல் இடுக்கில் எளிதாக நுழைவதும், கொசுவலையால் தடுக்க முடியாததும் அந்தத் துகள்தான்.

சட்டம் ஏன் இளகியது

மரம் உயிருள்ள பொருளைப் போலவே மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். இது எல்லா ஊருக்கும் பொது. தங்கவயல் வீடுகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே ஊரே அதிரும். தட்டுமுட்டுச் சாமான் உருளும், சுவரில் கீறல் விழும். 1971 டிசம்பரில் நடந்த பாறை வெடிப்பு மேலே இருந்த கட்டடங்களைப் பலமாகச் சேதப்படுத்தியது. ஒவ்வோர் அதிர்விலும் ஜன்னல் சட்டம் சுவரைவிட்டு ஒரு மயிரிழை நகரும்; கீல் ஆணி ஒரு சுற்று இளகும். இப்படிப் பல பத்து வருடம்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி, சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. கம்பெனி ஆசாரி, கம்பெனி பெயின்ட், கம்பெனி கண்ணாடி எல்லாம் அன்றோடு நின்றன. வீட்டில் எது உடைந்தாலும் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. வேலைக்கு அதிகாலை ரயிலில் பெங்களூரு போய் ராத்திரி திரும்புகிறவருக்கு ஜன்னல் கீலைப் பற்றி நினைக்க நேரம் ஏது? உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை, இடுக்குக்குப் பழைய துணி, மேலே பிளாஸ்டிக் தாள். இவை ஒரு காற்றுக்குத் தாங்கும். அடுத்த காற்றுக்குத் தாங்காது.

ஒரு ஜன்னலைச் சரிசெய்வது

காற்று பலமாக இருக்கும் நாளில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, மூடிய ஜன்னலின் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். புகை நேராக எழும்பும் இடம் சரி. வளையும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். கதவும் சட்டமும் சேரும் இடத்துக்கு இன்னொரு சோதனை: ஒரு தாளை நடுவே வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பது. தடையில்லாமல் வந்தால் அங்கே இடுக்கு. பெரும்பாலும் கீல் பக்கம் இறுகியும், தாழ்ப்பாள் பக்கம் மேல் மூலையில் அகன்றும் இருக்கும். கதவு தன் எடையால் தொங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

உடனே ஸ்பான்ஜ் டேப் வாங்கி ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. தொங்கும் கதவுக்கு டேப் ஒட்டினால், ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தொடாமலே நிற்கும். முதலில் கீலைப் பார்க்க வேண்டும். ஆணித் துளை பெரிதாகியிருந்தால் தேக்கு ஆப்பு சீவிப் பசை தடவி அடித்து, காய்ந்ததும் மறுபடி திருகாணி முடுக்கினால் கதவு பழைய இடத்துக்கு ஏறும். மாற்றி மாற்றி அடித்த பெயின்ட் ஓரத்தில் தடித்திருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். பங்களாக்களின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி, விழுந்ததைக் கவனமாகக் கூட்டி அள்ளுவது நல்லது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது.

அடுத்து கண்ணாடி. பழைய பட்டி காய்ந்து வெடித்திருந்தால் சின்ன உளியால் எடுத்துவிட வேண்டும். சாக்பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்தால் புதுப் பட்டி தயார். கண்ணாடிக்கு அடியில் ஒரு மெல்லிய படுக்கை, ஓரத்தில் கத்தியால் சரிவாக ஓர் இழுப்பு. ஒன்றிரண்டு வாரம் காயவிட்டுத்தான் பெயின்ட். கடையில் கிடைக்கும் ரெடிமேட் பட்டியும் போதும். ஆனால் சுவருக்குப் பூசும் பட்டியை வாங்கிவந்து கண்ணாடிக்கு வைத்தால் அது நிற்காது.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் பெரிய இடைவெளி. சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சணல் திரித்து உள்ளே திணித்து மேலே சுண்ணாம்புக் காரை பூசுவதே சரி. சிமென்ட் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தின் அடி இற்றுப்போகும். தங்கவயலின் பழைய வீடுகளில் இற்றுப்போன சட்டங்களைப் பார்த்தால், பக்கத்தில் சிமென்ட் ஒட்டுப்போட்டிருப்பது பல இடங்களில் தெரியும்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் டேப். ஸ்பான்ஜ் டேப் மலிவு. ஒன்றிரண்டு வருடத்தில் தட்டையாகிவிடும். கார் கதவில் இருப்பது மாதிரியான ரப்பர் பட்டை விலை அதிகம். பல வருடம் உழைக்கும். எத்தனை தடிமன் வாங்குவது? குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டத்தில் வைத்து ஜன்னலை மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் கனமே இடுக்கின் கனம். அதைவிடக் கொஞ்சம் தடித்த பட்டை வாங்கினால் அழுத்திப் பிடிக்கும். இரண்டு கதவு சேரும் இடத்தில் ஒரு ரீப்பர் அடித்து அதன் உட்பக்கம் பட்டை. வாசல் கதவின் அடியில் பிரஷ் பட்டை.

இத்தனை மெனக்கெட்டால் எவ்வளவு குறையும்? பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்புக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் பழைய மர ஜன்னல்களை ஆய்வகத்தில் சோதித்தது. நல்ல நிலையில் இருந்த ஜன்னலுக்கு இடுக்குப் பட்டை போட்டதும் காற்றுக் கசிவு 86 சதவீதம் குறைந்தது. ஜன்னலையே பிடுங்கிப்போட்டு அலுமினியம் வைக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு அந்தச் சோதனை நல்ல ஆதாரம். கனமான திரைச்சீலை மட்டும் போட்டாலே ஜன்னல் வழி வெப்ப இழப்பு 41 சதவீதம் குறைந்தது.

குளிருக்காக ஹீட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது நேரடியாகப் பணம். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம். அதிலுள்ள காற்றை 8 டிகிரி சூடாக்க ஒரு யூனிட் மின்சாரத்தில் பதிமூன்றில் ஒரு பங்கு போதும். இடுக்கு நிறைய இருந்து மணிக்கு ஐந்து தடவை உள்காற்று வெளியேறிப் புதுக்காற்று வந்தால், எட்டு மணிநேர ராத்திரிக்குக் காற்றைச் சூடாக்க மட்டும் ஏறத்தாழ 3 யூனிட். ஒரு தடவை மட்டும் மாறினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்காக மார்கழி, தை முழுக்க ஹீட்டர் போடும் வீட்டில், ரப்பர் பட்டைக்குக் கொடுத்த காசு ஒன்றிரண்டு குளிர்காலத்தில் திரும்பிவிடும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இடுக்கு அடைத்த அறையில் கரி அடுப்பு, விறகுக் கணப்பு வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் வென்டிலேட்டரைக் குளிருக்காக அட்டை வைத்து அடைப்பதும் அதே ஆபத்து. கர்நாடகத்தில் அப்படிப் பல உயிர்கள் போயிருக்கின்றன. அடுப்படியையும் குளியலறையையும் விட்டுவிட்டு, படுக்கும் அறையை அடைத்தால் போதும். அங்கேயும் காற்று அடிக்காத பக்கத்தில், மேலே, மூடித் திறக்கக்கூடிய ஒரு வழி இருக்க வேண்டும். காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் எல்லா ஜன்னலையும் அரை மணிநேரம் திறந்துவிடலாம். தகரக் கூரை வீடுகளில் தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளி ஜன்னல் இடுக்கைவிடப் பெரிது. காற்று வரும் பக்கத்தை மட்டும் அடைத்து, எதிர்ப்பக்கத்தை விட்டுவைக்க வேண்டும்.

மலையை மறுபடி தோண்டும்போது

ஜன்னலை அடைப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடியது. மலையை அடக்குவது அவரால் ஆகாது. அதுவும் இப்போது புதுக் கட்டத்துக்கு வந்திருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 கழிவு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஏறத்தாழ 1,003 ஏக்கர்; சுமார் 3.3 கோடி டன் மண். வேலை வரும் என்று ஊரில் எதிர்பார்ப்பு. அது நியாயமான எதிர்பார்ப்பு. இத்தனை வருடம் மழையில் இறுகிக் கிடந்த மேற்பரப்பைக் கிளறினால் கீழே இருக்கும் மாவு காற்றுக்கு வெளிப்படும் என்பதும் நிச்சயம்.

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் இதே பாதையில் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அங்கும் தங்கச் சுரங்கக் கழிவு மேடுகள். அங்கும் ஆகஸ்ட் காற்றில் அக்கம்பக்கக் குடியிருப்புகளுக்குள் தூசி. எர்கோ நிறுவனம் 1970களின் பிற்பகுதியிலிருந்து பழைய மேடுகளைக் கரைத்துத் தங்கம் எடுக்கிறது. உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி மேட்டைச் சேறாக்கிக் குழாயில் அனுப்பும் முறை. ஈரமாக இருக்கும்வரை தூசி அடங்கியிருக்கும். புல் வளர்த்து மேட்டை மூடும் வேலையும் அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரை நம்பி வளர்ந்து, இன்றும் குடிதண்ணீருக்குக் குடம் தூக்கும் தங்கவயலில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதலாம். மேட்டுக்குப் பக்கத்து லைன்களில் எத்தனை வீடு, எத்தனை ஜன்னல் என்று முதலில் கணக்கெடுப்பது. பலகைக் கதவுகளில் கண்ணாடி பதித்து, கீலும் சட்டமும் சரிசெய்து, பட்டை போட்டுக்கொடுக்கும் செலவைத் திட்டச் செலவிலேயே சேர்ப்பது. கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டத்தில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொடங்கலாம். ஊரில் தச்சு வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. கூலியும் ஊருக்குள்ளேயே தங்கும். ஆனி முதல் ஆவணி வரை காற்று கடுமையாக இருக்கும் வாரங்களில் உலர்ந்த மண்ணை அள்ளக்கூடாது என்ற நிபந்தனையும் சேர வேண்டும்.

ஜன்னல் வேலையைத் தையில் தொடங்கினால் பங்குனிக்குள் முடிக்கலாம். காரை நன்றாக இறுகும், பெயின்ட் ஒட்டும். ஆனால் அப்போது மரம் சுருங்கியிருக்கும். கதவை இழைக்கிற ஆசாரி பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு இழைத்து, அந்த இடத்தை ரப்பர் பட்டைக்குக் கொடுத்துவிட வேண்டும். இறுக்கமாக இழைத்த ஜன்னல் ஐப்பசி மழையில் ஊதி மூடாமல் நிற்கும். வீட்டுக்காரர் உளியை எடுத்துச் செதுக்கிவிடுவார். அடுத்த ஆடிக்கு அந்த இடுக்கில் மறுபடி மண் வரும்.